தேயிலை பறித்தவர்கள் எங்கே? பிபிசி சிறுவர் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிபிசி சிறுவர் நிகழ்ச்சிப் பிரிவினருக்கும், வரலாற்றைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் 'ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்' என்ற சிறுவர் தொடரை எழுதி நடிப்பவர்களுக்கும் வணக்கம்.

தமிழில்தான் எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தில் 1941இலிருந்து தமிழ்ப் பிரிவு இருக்கிறது. படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும். தவிர, இதில் பாதி உங்களுக்கு என்றால் மீதிப் பாதி பிரிட்டனில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு. அவர்களும் சேர்ந்து படிக்கட்டும்.

எங்கள் வீட்டில் உங்கள் தொடருக்கு நல்ல மரியாதை உண்டு. டெர்ரி டியரியின் புத்தகங்கள் 1993இல் வரத் தொடங்கின, தொலைக்காட்சித் தொடர் 2009இல் வந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் காமெடி விருதைப் பெரியவர்களின் நிகழ்ச்சிகளோடு போட்டியிட்டு வாங்கியது. முதலாம் வில்லியம் தொடங்கி அரசர் அரசியரின் பெயர்களை வரிசை தப்பாமல் பாடும் பிள்ளைகள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். என் பிள்ளைகளும் அதில் சேர்த்தி. புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள், ரேட்டஸ் என்ற அந்த எலிப் பொம்மை சொன்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு வரலாற்றின் மேல் ஆசை வர வைத்தவர்கள் நீங்கள். அந்த நன்றியோடுதான் இந்த மடல்.

உங்கள் தொடர் பக்கச்சார்பானது என்ற புகார் புதிதில்லை. அது பெரிதாக வெடித்த இரண்டு சந்தர்ப்பங்களைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. இரண்டிலும் பார்வையாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். என் கருத்து அந்த இரண்டு கட்சியிலும் சேரவில்லை.

முதலாவது, மேரி சீகோல் காட்சி. ஜமைக்காவில் பிறந்த மேரி சீகோல், கிரிமியப் போரில் காயப்பட்டவர்களைக் கவனிக்கத் தன்னையும் அனுப்பும்படி கேட்கிறார். பிரிட்டிஷ் பெண்களுக்கு மட்டும்தான் இடம் என்று சொல்லி புளோரன்ஸ் நைட்டிங்கேல் அவரைத் திருப்பி அனுப்புகிறார். அப்படித்தான் உங்கள் காட்சி காட்டியது. நைட்டிங்கேலின் புகழில் அக்கறை கொண்டவர்கள் விடாமல் புகார் செய்தார்கள். 2014இல் அப்போது பிபிசியை மேற்பார்வை செய்த பிபிசி டிரஸ்ட் விசாரித்து, காட்சி உண்மைக்கு மாறானது என்று முடிவு சொன்னது. நைட்டிங்கேல் அப்படிச் சொன்னார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. முடிவு சரியானதுதான்.

ஆனால் அந்தப் புகாரில் யாரும் பேசாத ஒன்று உண்டு. அந்தக் காட்சி நைட்டிங்கேலுக்குச் செய்த அநியாயத்தைவிட சீகோலுக்குச் செய்த அநியாயம் பெரிது. 1854இல் அவர் லண்டனுக்கு வந்து போர் அலுவலகத்தின் கதவைத் தட்டினார். மருத்துவப் பிரிவுக்குப் போனார். தாதியரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்மணிகளிடம் கேட்டார். நிதி திரட்டிய குழுவிடமும் கேட்டார். எங்கும் இடம் இல்லை. ஒருவர்கூட அவர் முகத்துக்கு நேரே காரணம் சொல்லவில்லை. எல்லோரும் மரியாதையாகப் பேசி அனுப்பிவைத்தார்கள். 1857இல் வந்த தன் வரலாற்று நூலில் சீகோலே இதை எழுதியிருக்கிறார்: தன் தோல் கொஞ்சம் கருப்பாக இருப்பதுதான் காரணமோ என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது, வீதியில் நின்று அழுதேன் என்று. பிறகு சொந்தக் காசில் கிரிமியாவுக்குப் போய், பாலக்லாவா அருகே தன் விடுதியை நடத்தினார்.

நிறவெறி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல கதை கிடைக்குமா? காரணத்தை யாருமே வாய் திறந்து சொல்லாத கதை. வேலைக்கு விண்ணப்பித்து 'இப்போதைக்கு இடம் இல்லை' என்ற பதிலைத் திரும்பத் திரும்ப வாங்கிய எந்தக் குடியேறிக்கும் அது உடனே விளங்கும். நீங்களோ நான்கைந்து அலுவலகங்களின் குற்றத்தை ஒரே பெண்ணின் தலையில் இறக்கிவிட்டீர்கள். ஏன் என்பது எனக்குப் புரிகிறது. இரண்டு நிமிடக் காட்சிக்கு ஒரு வில்லி வேண்டும். போர் அலுவலகத்துக்கு முகம் கிடையாது. நைட்டிங்கேலின் முகம் எல்லோருக்கும் தெரியும்.

நான் சார்பு என்று சொல்வது இதைத்தான். எழுதியவருக்கு நைட்டிங்கேல் மேல் கோபம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. காட்சியின் அளவும் வேகமுமே சாய்வை உண்டாக்கிவிட்டன. தெரிந்த முகம் உள்ளே வருகிறது, தெரியாத முகம் வெளியே நிற்கிறது. இப்படிப்பட்ட சார்பைப் புகார்ப் படிவத்தில் எழுதிக் கொடுப்பது கஷ்டம். பொய் சொன்னால் சுட்டிக்காட்டலாம். சொல்லாமல் விட்டதை எந்தப் பத்தியில் எழுதுவது?

இரண்டாவது சந்தர்ப்பம் 2020 ஜனவரி 31. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய நாள். அன்று நகைச்சுவைக் கலைஞர் நிஷ் குமார் முன்னுரை சொல்ல, உங்கள் பழைய பாட்டு ஒன்றை பிபிசி மறுபடி எடுத்து வெளியிட்டது. விக்டோரியா அரசி பிரிட்டனின் பெருமைகளை வரிசையாகச் சொல்லிப் பாடுகிறார். அவருடைய பணியாள் குறுக்கிட்டு, தேநீர் இந்தியாவிலிருந்து வந்தது, சர்க்கரை கரீபியத் தீவுகளிலிருந்து வந்தது, பருத்தி அமெரிக்காவிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகத் திருத்துகிறார். உங்கள் நிறுவனத்திலேயே அப்போது நிகழ்ச்சி நடத்திவந்த ஆண்ட்ரூ நீல், இது பிரிட்டனுக்கு எதிரான உளறல் என்று பகிரங்கமாகக் கண்டித்தார். பிபிசிக்காக மக்கள் கட்டும் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தில் பிரசாரமா என்று பலர் கொதித்தார்கள். உண்மையைச் சொன்னால் ஏன் சுடுகிறது என்று மறுதரப்பு கேட்டது. ஒரு வாரம் இதே பேச்சாக இருந்தது.

எங்கள் பக்கத்திலும் பேச்சு நடந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டுப் பெற்றோர் வெளியே நிற்போம். 'கொண்டுபோனவங்களே கொண்டுபோனதைச் சொல்றாங்க, இதுக்கு மேல என்ன வேணும்?' என்றார் ஒரு அண்ணர். 'எங்கட பிள்ளைகள் இங்கதான் வாழவேணும். வாழுற நாட்டில வெறுப்பு வாற மாதிரி எதுக்குப் பாட்டு?' என்று ஒரு அக்கா வருத்தப்பட்டார். அவர் கவலையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அகதியாக வந்து, கடன்பட்டு, இரவு வேலை பார்த்து, பிள்ளையை இந்த நாட்டுப் பிள்ளையாக வளர்த்தவர் அவர்.

பாட்டு பிரிட்டனுக்கு எதிரானது என்ற கட்சியோடு எனக்கு உடன்பாடில்லை. அதில் சொன்னவை நடந்தவை. நடந்ததைச் சொன்னால் பிள்ளைக்கு நாட்டின் மேல் வெறுப்பு வரும் என்பதையும் நான் நம்பவில்லை. என் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டேதான் இங்கிலாந்து அணி தோற்றால் அழுகிறார்கள். பிள்ளைகள் மனதில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

ஆனால் பாட்டைப் புகழ்ந்தவர்களோடும் என்னால் முழுதாகச் சேர முடியவில்லை. அந்தப் பாட்டில் இருப்பது இரண்டே பேர், ஒரு பிரிட்டிஷ் அரசியும் ஒரு பிரிட்டிஷ் பணியாளும். ஒருவர் பெருமை பேச, மற்றவர் திருத்த, கதை அவர்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இந்தியா என்பது அதில் ஒரு சொல். சர்க்கரைக்கும் பருத்திக்கும் அடிமைகள் என்ற நினைவாவது பின்னால் நிற்கிறது. தேயிலைக்கு ஆளே கிடையாது. எங்கோ ஓர் ஊரிலிருந்து தானாகப் புறப்பட்டு வந்து கோப்பையில் விழுந்த மாதிரி இருக்கிறது.

என் மகள்தான் இதைப் பிடித்தாள். 'தேயிலை இந்தியாவிலிருந்து வந்தது என்றால் உங்க அம்மாயி ஏன் இலங்கையில் பறித்தார்?' என்று கேட்டாள்.

என் அம்மாயி, அதாவது என் அம்மாவின் அம்மா, இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவர். விடியுமுன் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்புச் சத்தம் கேட்டதும் எழும்பி, லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) அடுப்பில் ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறுவார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ள வேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடும், கண் அடுத்த செடியில் இருக்கும், கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடையில் போடுவார். கீழே பார்க்கவே மாட்டார். மழையென்றால் அட்டைக்கடி. மாலையில் தராசு. கூடைக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கழித்துவிட்டுத்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். சொன்ன நிறை வராவிட்டால் அரைப் பேர்தான் விழும். நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் பாதிச் சம்பளம். நான் பிறந்தபோது விக்டோரியா அரசி செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்தத் தராசு அப்படியே இருந்தது.

மகளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். 1820களிலிருந்தே இலங்கை மலைகளில் காப்பித் தோட்டம் போடத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கத்து ஏழை மக்கள், பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். படகில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். நடந்து முடிக்காமல் வழியிலேயே செத்தவர்களின் கதைகள் எங்கள் ஆட்களிடம் இன்னும் உண்டு. 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்து, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காப்பி அழிந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1873இல் லண்டனுக்கு வந்த முதல் இலங்கைத் தேயிலை 23 இறாத்தல். விக்டோரியாவின் ஆட்சி தொடங்கியபோது பிரிட்டன் குடித்தது சீனத் தேயிலை. முடிந்தபோது பெரும்பகுதி இந்தியாவிலும் இலங்கையிலும் விளைந்தது. அந்த மாற்றம் அத்தனையும் கூலித் தொழிலாளர் கைகளில் நடந்தது. அசாமில் வேறு மக்கள், இலங்கையில் எங்கள் மக்கள்.

சர்க்கரையின் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. 1834 ஆகஸ்ட் 1இல் பெரும்பாலான பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 2 கோடி பவுண்டு நட்டஈடு கொடுத்தார்கள். அது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் போனது, அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதியை பிரிட்டிஷ் அரசு கட்டி முடித்தது 2015இல். கரும்பை அதற்குப் பிறகு யார் வெட்டியது? இந்தியாவிலிருந்து மொரிஷியஸ் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாகப் போனார்கள். 1860இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு டர்பனில் இறங்கியது, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு. உங்கள் பாட்டில் அரசியின் கையில் இருக்கும் தேநீர்க் கோப்பையில் இலையும் சர்க்கரையும் இரண்டுமே தமிழர் கைபட்டு வந்திருக்கலாம். மகளுக்கு இது சுவாரசியமாக இருந்தது. 'இதை ஏன் அவங்க பாட்டில வைக்கல?' என்றாள். அந்தக் கேள்வியை இப்போது உங்களிடம் தள்ளிவிடுகிறேன்.

உங்கள் தரப்பிலிருந்து என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். இது நகைச்சுவை, மூன்று நிமிடப் பாட்டில் உலகம் முழுவதையும் அடக்க முடியாது. நியாயமான பதில்தான், முழு நியாயம் இல்லை. உங்கள் தொடரில், நம்ப முடியாத காட்சி வரும்போது எலி ஒரு பலகையைத் தூக்கிப் பிடித்து, இது உண்மையில் நடந்தது என்று சொல்லும். அந்தப் பலகை மேல் பிள்ளைகளுக்கு அபார நம்பிக்கை. அப்பா சொன்னாலும் ஆசிரியர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாத பிள்ளை, எலி பலகையைக் காட்டினால் ஒத்துக்கொள்ளும். விருது வாங்கும்போதும், வரலாற்று ஆலோசகர் வைத்து ஒவ்வொரு வரியும் சரிபார்க்கப்பட்டது என்று சொல்லும்போதும் இது கல்வி. தவறு சுட்டிக்காட்டப்பட்டால் மட்டும் இது நகைச்சுவை. இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு வசதியான பக்கமாக வெளியேறுவது, உங்களை நம்பும் பிள்ளைகளுக்கு நல்லதில்லை.

அதிலும் இந்த நாட்டுப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் 11 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கான வரலாற்றில், கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்ட நிகழ்வு யூத இனப்படுகொலை ஒன்றுதான். பேரரசு பற்றியவை எடுத்துக்காட்டுகளாகப் பட்டியலில் நிற்கின்றன. பள்ளி விரும்பினால் எடுக்கலாம், விட்டுவிடலாம். மேரி சீகோலின் பெயர்கூட 2013இல் வரைவுத் திட்டத்திலிருந்து விழும் நிலைக்கு வந்து, பல்லாயிரம் பேர் கையெழுத்திட்ட பிறகுதான், சிறிய வகுப்புகளுக்கான எடுத்துக்காட்டாகத் தங்கியது. வகுப்பில் நேரம் கிடைக்காத விஷயம் பிள்ளைக்கு எங்கே வந்து சேரும்? உங்களிடம்தான். பலருக்குப் பேரரசு பற்றித் தெரிந்தது உங்கள் பாட்டு மட்டும்தான். உங்கள் சார்பின் எடை அதனால் கூடிவிடுகிறது. இதை நீங்கள் கேட்டு வாங்கவில்லை, ஆனாலும் உங்கள் தோளில் வந்து விழுந்துவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது எங்கள் ஆட்களுக்கு. எங்கள் முன்னோரின் துன்பத்தை வைத்துச் சிரிக்கக் கூடாது, வேண்டுமானால் தீவிரமான ஆவணப்படம் எடுங்கள் என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். லயத்தில் சிரிப்பு இல்லாமலா வாழ்ந்தோம்? ஆள் பிடித்து வேலை வாங்கும் கங்காணியையும் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையையும் கிண்டல் செய்யும் பாட்டுகள் மலை முழுக்க இருந்தன. கொழுந்து மலையில் ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, அடுத்த நிரையில் இருப்பவள் பதில் பாடுவாள். துரையின் நடையை நடந்து காட்டுவதில் என் மாமா ஒருவர் மன்னர். காமன் கூத்துக்காலத்தில் அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். சிரிப்பு எங்களுக்கு அந்நியம் இல்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், அதை யார் சொல்கிறார் என்பதில்தான் எனக்கு அக்கறை.

நீங்கள் எடுக்கக்கூடிய ஒரு காட்சியையே சொல்கிறேனே. தொழிலாளி ஊரிலிருந்து கிளம்பும்போதே கங்காணி முன்பணம் கொடுப்பார். அது கடன். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அதில் ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் எவ்வளவு என்று எழுதித் துரை கொடுக்கும் சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். அடுத்த தோட்டத்துத் துரை அந்தக் கடனை அடைத்தால்தான் ஆள் கைமாறலாம். கைமாறினால் கடன் தீருமா? தீராது, புதிய துரையின் கணக்கில் அப்படியே உட்காரும். இந்த முறை 1921இல் சட்டம் போட்டு நிறுத்தும் வரை நடந்தது.

உங்கள் தொடரில் செய்தி அறிக்கை, விளம்பரம், சமையல் போட்டி என்று எல்லாவற்றையும் பகடி செய்கிறீர்கள். கால்பந்து வீரர்கள் கிளப் மாறும் கடைசி நாளன்று விளையாட்டுச் சேனல்கள் செய்யும் ஆர்ப்பாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டு போட்ட நிருபர் கண்டி மலையில் மழையில் நின்று, இவர் இத்தனை ரூபாய்க்கு அந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று கத்துகிறார். துரைமார் பேரம் பேசுகிறார்கள். கங்காணி தன் பங்கை எண்ணுகிறார். கடைசியில் நிருபர் ஒலிவாங்கியைத் தொழிலாளியிடம் நீட்டி, இத்தனை பெரிய தொகைக்குக் கைமாறியிருக்கிறீர்கள், எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். 'அந்தத் தொகை முழுக்க நான் கட்ட வேண்டிய கடன் ஐயா' என்று அவர் சொல்கிறார். எலி பலகையைத் தூக்குகிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு ஒரு கணம் யோசிப்பார்கள். சிரிப்பு விழுவது அந்த முறையின் மேல். கடைசிப் பேச்சு தொழிலாளியுடையது. இங்கே கங்காணியையும் விட்டுவிடாதீர்கள் என்று சேர்த்துச் சொல்கிறேன். அவர் தமிழர்தான். எங்கள் ஆட்களை எங்கள் ஆட்களே பிடித்துக் கொடுத்த கதையும் அதில் இருக்கிறது. அதைச் சொன்னால் சில தமிழர்களே உங்களைப் பக்கச்சார்பு என்பார்கள். அப்போதும் நான் உங்கள் பக்கம் நிற்பேன்.

அந்தக் காலத்துத் தேயிலை விளம்பரங்களில்கூட கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் படம் இருந்தது. லிப்டன் 1890இல் இலங்கையில் தோட்டம் வாங்கிய பிறகு அப்படிப் படம் போட்டுத்தான் விற்றார்கள். சிரித்த முகம், சுத்தமான சேலை, எல்லாம் பொய்தான். ஆனாலும் ஒரு ஆள் இருந்தார். பேரரசைக் கேள்வி கேட்கும் உங்கள் பாட்டில் அந்த ஆளும் காணாமல் போனதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

இதற்குப் பிறகு எங்கள் மக்களுக்கு நடந்ததைச் சொல்லப் போனால் மடல் நீண்டுவிடும். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற சில மாதங்களிலேயே குடியுரிமைச் சட்டம் வந்து எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தம் லட்சக்கணக்கானோரை அவர்கள் பார்த்தே இராத இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. இரண்டு அரசாங்கமும் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. அது உங்கள் நிகழ்ச்சியின் வேலை இல்லை, விடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்.

பழைய காட்சியில் தவறு இருந்தால் சத்தமில்லாமல் எடுத்துவிடாதீர்கள். சீகோல் காட்சியை மறுபடி எடுங்கள், இந்த முறை கதவு கதவாக. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவர் சிரித்த முகத்தோடு வேறு வேறு சாக்குச் சொல்லட்டும். உங்கள் நடிகர்களுக்கு அது அல்வா மாதிரி. நாங்கள் முதலில் சொன்னது தவறு, நடந்தது இது என்று எலியே சொல்லட்டும். பெரியவர்கள் தவறை ஒத்துக்கொள்வதைப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்ப்பது அபூர்வம்.

எலிக்கு இரண்டாவது பலகை ஒன்றும் கொடுங்கள். 'இதைச் சுருக்கியிருக்கிறோம்' என்று. பல பேர் செய்ததை ஒருவர் செய்ததாகக் காட்டும்போதும், நூறு ஆண்டை ஒரு வரியில் தாண்டும்போதும் அதைத் தூக்கிப் பிடித்தால் போதும். சிரிப்பு கெடாது. எங்கே தோண்ட வேண்டும் என்று ஆர்வமுள்ள பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

பேரரசு பற்றி எழுதும் மேசையில், பேரரசின் மறுமுனையிலிருந்து வந்தவர்களையும் உட்கார வையுங்கள். எழுதி முடித்த பிறகு புண்படுகிறதா என்று பார்த்துச் சொல்ல அழைக்க வேண்டாம். எதைப் பற்றிச் சிரிப்பது என்று முடிவு செய்யும் முதல் நாளிலேயே கூப்பிடுங்கள். கயானா, மொரிஷியஸ், ஜமைக்கா, மலையகம், அசாம் என்று இந்த லண்டனிலேயே எல்லோரும் இருக்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டியின் கதை உண்டு.

புகார் கேட்கும் முறையையும் கொஞ்சம் பாருங்கள். 2017இல் டிரஸ்ட் போய், இப்போது முதலில் உங்களிடம், அப்புறம் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காமிடம் என்று இருக்கிறது. அந்த வழியில் தவறான தகவலைச் சுட்டிக்காட்டலாம், அவதூறைச் சுட்டிக்காட்டலாம். நைட்டிங்கேலுக்காகப் பேச ஆள் இருந்தார்கள், வென்றார்கள், நல்லது. காட்சியிலேயே வராத ஒருவருக்காகப் பேசுவதற்கும் வழி வேண்டும். பார்வையாளர்களிடம் ஆண்டுக்கு ஒரு முறை, யாரை நாங்கள் விட்டுவிட்டோம் என்று நீங்களே கேட்டால் என்ன? பதில்கள் குவியும். அதில் பாதி அடுத்த தொடருக்குக் கதையாகும்.

தமிழ்ப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பாட்டு ஓடும்போது தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள், பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். யாழ்ப்பாணத்தவர், தமிழ்நாட்டவர் வீடுகளில் எங்கள் மலையகக் கதை பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. இதை பிபிசியிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது. உங்கள் பிள்ளைக்குத் தெரிந்த தேயிலைத் தோட்டம் நுவரெலியாச் சுற்றுலாப் படங்களில் வரும் பச்சை மலை மட்டும் என்றால், அங்கேயும் பறித்த ஆளைக் காணோம்.

கடைசியாக, எழுத்தாளர்களுக்கு வேலை வசதிக்காக ஒரு தகவல். இலங்கை ஆளுநர்கள் லண்டனுக்கு அனுப்பிய கடிதங்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 54 என்ற வரிசையில் இருக்கின்றன. துரைமார் என்ன கேட்டார்கள், ஆளுநர் என்ன எழுதினார், லண்டன் என்ன பதில் சொன்னது என்பதையெல்லாம் உங்கள் அலுவலகத்திலிருந்து ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம். கொழுந்து மலைப் பாட்டு வேண்டுமானால் எங்களிடம் கேளுங்கள், பாடத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மலையகத்தில் பிறந்து லண்டனில் பிள்ளை வளர்க்கும் உங்கள் பார்வையாளர்